கொள்ளி வைக்க ஆளில்லாத பட்டாளத்துக்காரர்



நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆலங்குளத்தில் எங்கள் தெருக் கடைசியில் ஒரு பட்டாளத்துத் தாத்தா இருந்தார். பர்மா சண்டைக்குப் போய் வந்தவர் என்பார்கள். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஒருநாள் காலையில் அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுப் பாடை கட்டினார்கள். நீர்மாலை எடுக்கும்போதுதான், "கொள்ளி யார் வைக்கிறது?" என்று பேச்சு வந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வைத்தார்.

தெரு தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அவர் பெயர் என்ன, எந்த ரெஜிமென்ட், எத்தனை வருடம் சர்வீஸ் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பிற்பாடு உங்களுக்கெல்லாம் வரலாறு நடத்திய எனக்கும் தெரியாது.

சண்டையில் செத்தவனுக்கு ஊரே உறவாக நின்ற மண் இது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது என்று நடுகல் முறையைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்திச் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் பழையவை. அதில் ஒரு கல், கூடலூரில் மாடு கவர்ந்த பூசலில் இறந்த தீயன் அந்தவனுக்கு நட்டது. ஆள் பேர், ஊர்ப் பேர், எதில் இறந்தான் என்ற விவரம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. இன்றைக்கும் அவன் யாரென்று நமக்குத் தெரிகிறது.

இதற்கு நேர்மாறானதும் நடந்திருக்கிறது. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்து கல்லறையும் தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டோருக்குப் பஸ்ராவில் நினைவுச் சின்னம் கட்டினார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பேர் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கோ ரெஜிமென்டின் பேரும், அதில் இறந்தவர் எண்ணிக்கையும் மட்டும்தான். இப்படிச் சமமாக நடத்தப்படாதவர்கள் இந்தியர், ஆப்பிரிக்கர் எல்லாம் சேர்த்து 45,000 முதல் 54,000 பேர் வரை இருக்கலாம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இங்கிலாந்தில் பிரைட்டன் என்று ஒரு கடற்கரை ஊர். 1914, 1915-இல் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட நம் வீரர்களுக்கு அங்கே அரண்மனையையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பிழைக்காமல் போன இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். பெற்றவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். உடனிருந்தவர்களே உறவாக நின்று சடங்கு செய்தார்கள். 1921-இல் அந்த இடத்தில் சத்ரி என்னும் வெள்ளைக்கல் மண்டபம் திறக்கப்பட்டது. ஆனால் அந்த 53 பேருடைய பேரையும் பக்கத்தில் கல்லில் வெட்டி வைத்தது 2010-இல்தான்.

சென்னைக்குப் போகிறவர்கள் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையை ஒருமுறை பாருங்கள். பல ஊர்களில் பராமரிக்க வழியில்லாமல் கிடந்த கல்லறைகளை ஒன்றுசேர்க்க 1952-இல் அமைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேர் அங்கே இருக்கிறார்கள். அதிகாரி, சிப்பாய் என்று பாராமல் ஒரே மாதிரிக் கல். புல்லை வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் யாரும் அவர்களுக்கு ரத்த சொந்தமில்லை.

எங்கள் தெருத் தாத்தா சண்டையில் சாகவில்லை. பிழைத்து ஊருக்கு வந்து, வீட்டில் தனியாக இறந்தார். அப்படிப்பட்டவர்களுக்கு எந்தக் கல்லிலும் இடம் இல்லை. அவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம்.

உங்கள் ஊரில் துணையில்லாத முன்னாள் ராணுவத்தினர் இருந்தால் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து பேசுங்கள். டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பேர், சர்வீஸ் நம்பர், ரெஜிமென்ட் மூன்றையும் எழுதி வையுங்கள். அவர் பேர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். காலமானால் அங்கேயும், பக்கத்தில் உள்ள முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்கும் உடனே சொல்லுங்கள். அவரோடு ஒரே உடுப்புப் போட்ட நாலு பேராவது வந்து நிற்கட்டும்.

கொள்ளி வைக்கத் தெருவில் யாராவது முன்வந்துவிடுவார்கள். அன்றைக்கு அவர் பேரைச் சொல்லவும் ஒருவர் வேண்டும். நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்