இராவுத்தரும் சவாரியும்: பாலாற்று வட்டாரத்தில் இரு குதிரைச் சொற்கள்

குதிரைமேல் செல்வதைக் குறிக்கப் பழந்தமிழ் பெரிதும் பயன்படுத்திய வினை 'ஊர்தல்' என்பதாகும். அது யானைக்கும் தேருக்கும்கூட உரியதாதலின், குதிரையேற்றத்தை மட்டும் சுட்டும் தனிச்சொல் ஆகாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரும் 'குதிரைச் சேவகர்' என்ற படைப்பெயரும் சேவகர் என்னும் பொதுச்சொல்லோடு விலங்கின் பெயரைச் சேர்த்து ஆக்கப்பட்டதே. பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் குதிரைகள் கடல்வழி வந்திறங்கின. சோழர் காலத்தில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் அவ்வணிகத்தை நடத்தினர். வெளியிலிருந்து வாங்கப்பட்ட விலங்கின் மேல் அமர்பவனுக்கும் வெளியிலிருந்தே பெயர் வந்தது வியப்பன்று.

அப்பெயர் 'இராவுத்தன்'. அரசன் மகன் எனப் பொருள்படும் 'ராஜபுத்திர' என்னும் வடசொல் பிராகிருதத்தில் 'ராவுத்த' எனத் திரிந்து, கன்னடத்திலும் தெலுங்கிலும் குதிரை வீரனைக் குறிக்கும் சொல்லாக நிலைத்தபின் தமிழுக்கு வந்தது. பிறப்பைக் குறித்த சொல் தொழிலைக் குறிக்கலாயிற்று என்பதே இதன் முதல் திருப்பமாகும்.

திருவண்ணாமலையில் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர், கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனை 'இராவுத்தனே' என விளிக்கிறார். அவர் தம் திருப்புகழில் பெயர் சுட்டும் பிரபுடதேவராயர், அதாவது விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர், முஸ்லிம் குதிரை வீரர்களைத் தம் படையில் சேர்த்து அவர்களுக்கு நிலம் வழங்கியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதுகிறார். அவ்வீரர்களைக் கண்டு பழகிய காலத்தில் அச்சொல் பெருமிதத்துக்குரியதாக ஒலித்திருக்க வேண்டும். இல்லையேல் மயிலுக்கு உரிய கடவுளைக் குதிரைக்காரனின் பெயரால் அழைக்கக் காரணம் இல்லை.

வடதமிழகத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டில் இச்சொல் இன்னும் ஒருபடி இறங்கி ஊருக்குள் வந்தது. செஞ்சி வட்டாரக் கோயில்களில் 'முத்தால இராவுத்தன்' என்னும் முஸ்லிம் வீரன் காவல் தெய்வமாக நிற்கிறான். அவனுக்குரிய படையலில் அவன் குதிரைக்கெனக் கொள்ளும் இடம்பெறுகிறது. இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்தவர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல்.

ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் நிலைமை மாறியது. முகலாயப் படைமுறையில் 'சவார்' என்பது குதிரை வீரனையும், மன்சப்தார் எனப்பட்ட அதிகாரி வைத்திருக்க வேண்டிய குதிரைப்படையின் அளவையும் குறித்த பாரசீகச் சொல். நவாபு அன்வருதீன் கான் 1749 ஆகஸ்ட் 3 அன்று கொல்லப்பட்ட ஆம்பூர்ப் போரும் இப்படைமுறைக்கு உட்பட்டதே. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியை ஒடுக்க ஆர்க்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பியின் குதிரைப்படையோ ஆங்கிலேயருடையது. ஆட்சிமொழியான பாரசீகத்தோடு வந்த 'சவார்' குதிரைத் தொழிலைத் தனதாக்கிக்கொண்டதால், 'இராவுத்தர்' தொழிற்பொருளை இழந்து குலப்பெயராகச் சுருங்கியது எனக் கொள்வது பொருந்தும்.

அக்குலப்பெயர் பரவிய இடம் பாலாற்றங்கரை அன்று என்பது குறிப்பிடத்தக்கது. உத்தமபாளையம், கம்பம், திண்டுக்கல் முதலிய தென்பகுதிகளில் இராவுத்தர் மிகுதி. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலைச் சென்னைவழி இங்கிலாந்துக்கு அனுப்பி வளர்ந்த தமிழ் முஸ்லிம்கள் லப்பை என்றே அறியப்பட்டனர். தோல் மிகுந்த இவ்வட்டாரம் சேணத்தால் பெயர் பெறவில்லை. படைக்கான சேணத் தொழிற்சாலையை ஆங்கில அரசு கான்பூரில் நிறுவியது.

'சவார்' என்பதன் வழிவந்த 'சவாரி' மட்டும் குதிரையை விட்டு இறங்கி, மாட்டுவண்டிக்கும் குதிரைவண்டிக்கும் பொதுவாகி, இன்று ஆட்டோ ஓட்டுநர் ஏற்றிச்செல்லும் நடையையும் சில வேளை அதில் ஏறும் ஆளையுமே குறிக்கிறது.