புகைக்கூண்டை இடிப்பதா, பூசுவதா?

பிரெஞ்சில் ‘ஃபுவாயே’ என்று ஒரு சொல் உண்டு. அடுப்பு எரியும் இடத்துக்கும் அதுதான் பெயர், குடும்பத்துக்கும் அதுதான் பெயர். புது வீட்டுக்குக் குடிபோனால் நாம் பால் காய்ச்சுகிறோம். அவர்கள் ‘கிரெமாயேரைத் தொங்கவிடுகிறோம், வாருங்கள்’ என்று விருந்துக்கு அழைப்பார்கள். கிரெமாயேர் என்பது புகைபோக்கிக்குள் சமையல் பானையை மாட்டும் பல் வைத்த இரும்புக் கொக்கி. இப்போது அங்கே எரிவாயுவிலும் மின்சாரத்திலும் சமைக்கிறார்கள். கொக்கி போய்விட்டது, பேச்சு நிற்கிறது.

பழைய பிரான்சில் குடிக்கணக்கு எடுக்கும்போது தலையை எண்ணாமல் அடுப்பை எண்ணினார்கள். வரியும் அதன்மேல்தான். அண்ணன் தம்பி பிரிந்தால் நாமும் ‘உலை தனியாயிட்டு’ என்றுதானே சொல்கிறோம்! இங்கிலாந்தில் 1662-ல் இதே வரியைக் கொண்டுவந்தார்கள். ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு 2 ஷில்லிங். அதிகாரி வீட்டுக்குள் புகுந்து அடுப்பங்கரையை எண்ணியதை ஜனங்கள் பொறுக்கவில்லை. 1689-ல் வரி ஒழிந்தது. அதற்குள் 1684-ல் ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் சர்ச்சில் என்ற கிராமத்தில் ஒரு விபத்து. ரொட்டி சுடும் பெண்மணி ஒருவர் வரியைத் தப்பிக்க, சுவரைத் துளைத்துத் தன் அடுப்பைப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியோடு சேர்த்துவிட்டார். தீப்பிடித்து 20 வீடுகள் எரிந்தன, 4 பேர் இறந்தார்கள். வரி என்றால் மனிதன் சுவரையும் துளைப்பான் என்பது அரசு எழுத்தராக இருந்த எனக்கு ஆச்சரியமில்லை.

புகைபோக்கி சும்மா நிற்கும் தூண் அல்ல. சூடான காற்று இலேசானது, அது மேலே போகும்போது கீழே இருந்து புதுக்காற்றை இழுக்கும். குழாய் நீளமாகவும், உள்பக்கம் சூடாகவும் இருந்தால் இழுப்பு நன்றாக இருக்கும். வாய் அகன்று கிடந்தால் குளிர்காற்றும் சேர்ந்து நுழைந்து இழுப்பு கெடும், புகை அறைக்குள் திரும்பும். இதைச் சரியாகப் பிடித்தவர் ரம்ஃபோர்டு பிரபு. அடுப்புக்கு மேலே தொண்டையைக் குறுக்கச் சொல்லி 1796-ல் எழுதினார். லண்டனில் புகை கக்கிய பல வீடுகளை அந்த முறையில் சரிசெய்தார். கரியைச் சுரண்டச் சின்னப் பையன்களை உள்ளே ஏறவிட்ட கொடுமை அதற்குப் பிறகும் நடந்தது. 1775-லேயே பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் அந்தக் கரி புற்றுநோய் தருகிறது என்று எழுதியும், அந்தத் தொழிலை உருப்படியாக நிறுத்திய சட்டம் வர 1875 ஆயிற்று. நூறு வருஷம்!

நம் ஊர்ப் பழைய வீடுகளில் இவ்வளவு பெரிய ஏற்பாடு கிடையாது. குளிர்காய வேண்டிய அவசியமும் இல்லை. அடுப்பங்கரை ஓட்டுக்கு மேலே, பக்கவாட்டில் துவாரம் வைத்த புகைக்கூண்டு, அவ்வளவுதான். அந்தப் புகையையும் வீணாக்கவில்லை. அடுப்புக்கு மேலே விதைச் சோளமும் சுரை விதையும் தொங்கும், பூச்சி அண்டாது. பிரான்சின் ஜூரா மலைப்பக்கம் ‘தியூயே’ என்று ஓர் அறை அளவு புகைபோக்கி உண்டு, அதற்குள் இறைச்சியைத் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள். நாம் விதையைக் காத்தோம், அவர்கள் கறியைக் காத்தார்கள்.

ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் 1953-ல் ஏழை வீடுகளுக்கான புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதினார். பிறகு 1983-ல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002 வரை கோடிக்கணக்கில் அடுப்பு கட்டிக்கொடுத்தது. பல இடங்களில் அது நிலைக்கவில்லை. புகைக்குழாயில் கரி அடைத்தது, விரிசல் விட்டது, பழுது பார்க்க ஆள் வரவில்லை. கட்டிய எண்ணிக்கை கோப்பில் இருக்கும், எத்தனை எரிகிறது என்பது இருக்காது. எனக்குத் தெரிந்த கோப்பு வழக்கம் அது.

இதெல்லாம் எதற்கு என்றால், புளியங்குடியில் என் மனைவியின் பூர்வீக வீட்டில் ஒரு புகைக்கூண்டு இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். போன ஐப்பசி மழையில் மேல்வரிசைக் கல் ஒன்று ஓட்டை உடைத்துக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, அப்போது அங்கே யாரும் இல்லை. கொத்தனார் பார்த்துவிட்டு, “எதுக்கு சார், இடிச்சுப் போட்டுருவோம், சிமெண்டுல அடைச்சிரலாம்” என்றார். மச்சினர் ஒப்பவில்லை. “அத்தான், பொங்கலுக்கு அங்கதான் அம்மா பானை வைப்பா” என்றார்.

நான் இரண்டையும் அப்படியே ஏற்கவில்லை. முதலாவது, கூண்டின் ஒரு பக்கம் பங்காளி வீட்டுச் சுவரோடு கட்டியது. அதை உருவினால் அந்தச் சுவரும் தளரும். இங்கிலாந்தில் இதற்காகவே 1996-ல் பொதுச்சுவர்ச் சட்டம் போட்டிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்கு முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்காமல் கை வைக்கக்கூடாது. இரண்டாவது, சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் உள்ளேயே உதிரும். மூன்றாவது மச்சினருக்கு. மேற்கே பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பிவிட்டார். சுற்றிப் 10 அடிக்குள் இருக்கும் எதைக் காட்டிலும் கூண்டு 2 அடியாவது உயர நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனியில் மலையிலிருந்து சாரல் காற்று இறங்கினால் மாடியைத் தாண்டிக் குப்புற விழுந்து புகையை உள்ளே தள்ளும். அந்த உயரத்துக்கு எழுப்பினால் பழைய சுவர் தாங்காது. ஆகவே அங்கே இனி விறகு எரிக்கவேண்டாம், பொங்கல் பானை முற்றத்துக்குப் போகட்டும்.

தள்ளிப்போடுவதும் சரியில்லை. புதுச்சேரிக் கடற்கரையில் நின்ற பழைய மேரி கட்டடம், 19-ஆம் நூற்றாண்டு நகராட்சி மாளிகை, பழுதடைந்த நிலையிலேயே இருந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தார்கள். அரசாங்கத்தால் திரும்பக் கட்ட முடிந்தது. ஓய்வூதியத்தில் நம்மால் ஆகுமா?

ஆடிய நாலு வரிசையை மட்டும் இறக்கி, சுண்ணாம்பில் திரும்பக் கட்டி, மேலே கல்பலகை மூடி, பக்கத் துவாரங்களை வெப்பம் போகத் திறந்துவிடுவது என்று பேசி முடித்தாயிற்று. அடுத்த தெருவில் ஒருவர் புதுச் சமையலறைக்குச் ‘சிம்னி’ என்று மின்சாரப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார். அதற்காகப் பழைய கூண்டை இடித்தார் என்று கேள்வி. கொத்தனார் கடுக்காய்த் தண்ணீரில் சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறார். சாரலுக்கு முன் வேலை முடிய வேண்டும்.