சென்ட் டூ பட்டி

சென்ட் டூ பட்டி என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயங்குதளத்தில், ஒரு கோப்பை வலச்சொடுக்கும்போது தோன்றும் பட்டியின் உட்பட்டிகளில் ஒன்றாகும். தெரிவுசெய்த கோப்பை வேறொரு கோப்புறைக்கோ, வட்டுக்கோ, மென்பொருளுக்கோ அனுப்ப இது உதவுகிறது. 1995 இல் வெளியான விண்டோஸ் 95 பதிப்பிலேயே இது இடம்பெற்றிருந்தது. பயனர் தம் விருப்பப்படி மாற்றியமைக்கக் கூடியது என்பதால், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் முதலிய மேகச் சேமிப்புக் கோப்புறைகளுக்குக் கோப்புகளை விரைவாக அனுப்பவும் இப்பட்டி பயன்படுகிறது.

அமைப்பு

இப்பட்டியில் காணப்படும் பெயர்களுள் பெரும்பாலானவை சென்ட்டூ என்னும் கோப்புறையில் உள்ள குறுக்குவழிகளே. அக்கோப்புறை ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியே உள்ளது, வழக்கமாக மறைக்கப்பட்டிருக்கும். குறுக்குவழியின் பெயரை மாற்றினால் பட்டியிலும் பெயர் மாறும். அதை நீக்கினால் பட்டியிலிருந்து மட்டுமே மறையும். அது சுட்டும் கோப்புறைக்கு ஒன்றும் நேராது.

மேகக் கோப்புறையைச் சேர்த்தல்

1. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் ஒருசேர அழுத்த வேண்டும்.
2. தோன்றும் பெட்டியில் ஷெல் என்ற சொல், முக்காற்புள்ளி, சென்ட்டூ என்ற சொல் ஆகியவற்றை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியின்றி உள்ளிட்டால் சென்ட்டூ கோப்புறை திறக்கும்.
3. மேகக் கோப்புறையைச் சுட்டியின் வலப் பொத்தானால் இழுத்து வந்து அங்கு விட்டு, குறுக்குவழி உருவாக்கும் தெரிவைச் சொடுக்க வேண்டும். இடப் பொத்தானால் இழுத்தால் மேகக் கோப்புறையே இடம் மாறிவிடக்கூடும்.

2021 இல் வெளியான விண்டோஸ் 11 பதிப்பில், ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலச்சொடுக்கினால் இவ்வுட்பட்டியைக் கொண்ட முழுப்பட்டி தோன்றும்.

நகர்த்தலும் படியெடுத்தலும்

அனுப்பப்படும் கோப்பும் சேருமிடமும் ஒரே வட்டில் இருந்தால் கோப்பு நகர்த்தப்படும். வெவ்வேறு வட்டுகளில் இருந்தால் படியெடுக்கப்படும். இதனால் ஒரே பட்டியில் உள்ள இரு மேகச் சேவைகள் வெவ்வேறு விதமாகச் செயற்படலாம். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் கோப்புறைகள் பொதுவாகப் பயனரின் சி வட்டிலேயே இருப்பதால், அவ்வட்டிலிருந்து அனுப்பப்படும் கோப்பு பழைய இடத்தில் இராது. கூகுள் டிரைவ் வழக்கமாக ஜி எனும் மெய்நிகர் வட்டாகத் தோன்றும்போது மூலக்கோப்பு அப்படியே இருக்கும். படி மட்டுமே செல்லும்.

கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு தெரிவுசெய்தால் எப்போதும் படியெடுக்கப்படும். ஷிப்ட் விசை எனில் நகர்த்தப்படும். தவறுதலாக நகர்ந்த கோப்பை, உடனே கண்ட்ரோல், இசட் விசைகளை அழுத்தி மீட்கலாம்.

கவனிக்க வேண்டியவை

மேகக் கோப்புறை ஒத்திசைக்கப்படுவது, காப்புப்படி அன்று. ஒரு கணினியில் நீக்கப்படும் கோப்பு, அதே கணக்கில் இணைந்த பிற கணினிகளிலிருந்தும் நீங்கும். பலரும் திருத்தக்கூடிய பகிர்வுக் கோப்புறைக்கு ஆய்வேடு போன்ற ஒரே கோப்பை நகர்த்தினால், பிறர் அதை அழிக்கவும் வாய்ப்புண்டு. நீக்கிய கோப்புகளை மேற்கண்ட மூன்று சேவைகளின் இலவசக் கணக்குகளும் வழக்கமாக 30 நாட்கள் வரையே வைத்திருக்கின்றன. ஆகவே முதன்மைக் கோப்புகளை நகர்த்தாமல் படியெடுத்து அனுப்புவதே பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

- மேகக் கணிமை
- கோப்பு ஒத்திசைவு
- காப்புப்படி