யுசெக்: மியூவின் இடத்தில் ஒரு யு

1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் 'கெட்டைம்ஆஃப்டே' என்றொரு ஃபங்ஷன் வந்தது. மணி கேட்டால் அது விடையை இரண்டு எண்களாகத் தரும். முழு நொடிகளுக்கு 'டிவி_செக்' என்று பெயர். மிச்சமிருக்கும் மைக்ரோ நொடிகளுக்கு 'டிவி_யுசெக்'. டிவி என்பது 'டைம்வேல்' என்பதன் சுருக்கம். செக் என்பது செகண்ட். மைக்ரோவுக்கு யு எப்படி வந்தது?

மைக்ரோவின் மூலம், 'சிறியது' என்று பொருள்படும் 'மிக்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல். பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக 1873இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் குழு ஒன்று அதைப் பரிந்துரைத்தது. சுருக்கமாக 'எம்' என்று எழுத வழியில்லை. பிரெஞ்சு மெட்ரிக் முறையின் மில்லி அதை முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. எனவே கிரேக்க எழுத்தான மியூ மைக்ரோவின் குறியாயிற்று.

தாளில் இதனால் தொல்லையில்லை. கணினியில்தான் சிக்கல். 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி எழுத்துத் தொகுப்பில் மொத்தம் 128 இடங்கள். கிரேக்க எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. மியூவின் இடப்பக்கக் காலை வெட்டினால் கிடைப்பது யு; அதுவே மாற்றாயிற்று. எழுத்து வசதி குறைந்த கருவிகளுக்காக 1974இல் வந்த ஐஎஸ்ஓ 2955 தரமும் இந்த மாற்றை ஏற்றது.

எழுத்தின் குலம் பார்த்தால் இது வேடிக்கை. மியூவும் எம்மும் ஃபினீசியரின் 'மேம்' எழுத்தின் வழிவந்தவை. மேம் என்றால் தண்ணீர். யுவோ 'வாவ்' என்ற வேறோர் எழுத்தின் வாரிசு. மியூவோடு அதற்குள்ள உறவு முகச்சாயல் மட்டுமே.

செக்கின் கதை இன்னும் பழையது. லத்தீனில் மணியின் அறுபதில் ஒரு கூறு 'முதல் சிறு பகுதி'. அதன் அறுபதில் ஒரு கூறு 'இரண்டாம் சிறு பகுதி'. 'சிறு' என்ற அடைமொழி நிமிடத்துக்கு மினிட் என்ற பெயராக நின்றது. நொடிக்கு 'இரண்டாம்' மட்டுமே எஞ்சி செகண்ட் ஆயிற்று. நொடி இழந்த சிறுமையை மைக்ரோ கிரேக்கத்திலிருந்து திருப்பித் தந்தது.

அடுத்து வந்த நானோ நொடிக்கு மியூவின் தொல்லையில்லை. 'என்' ஆஸ்கியிலேயே இருந்ததால் 'டிவி_என்செக்' எளிதாகப் பிறந்தது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரம், நிரலை மைக்ரோ நொடிக் கணக்கில் காத்திருக்க வைக்கும் 'யுஸ்லீப்'பை 2008இல் கைவிட்டு, நானோ நொடிக் கணக்கில் அதையே செய்யும் 'நானோஸ்லீப்'பை வைத்துக்கொண்டது.

இன்று யுனிகோடில் மியூவுக்கு இரண்டு இடங்கள்: மைக்ரோ குறியாக ஒன்று, கிரேக்க எழுத்தாக ஒன்று. கோ நிரல் மொழியின் டைம் நூலகம் கால அளவை அச்சிடும்போது மைக்ரோ குறியைப் போடுகிறது. படிக்கும்போது அவ்விரண்டோடு பழைய யுவையும் ஏற்கிறது. சி++ மொழி 2011இல் 'மைக்ரோசெகண்ட்ஸ்' என்று முழுப்பெயர் வைத்தது. ஆனால் 2014இல் சுருக்க வடிவம் சேர்த்தபோது தேர்ந்தது 'யுஎஸ்'. எழுத்துத் தொகுப்பில் இருந்த தடை நீங்கிவிட்டது. ஆனால் பெரும்பாலான விசைப்பலகைகளில் மியூவுக்கென்று ஒரு விசை இன்னும் இல்லை.