கூடங்குளமும் செர்னோபில் கணக்கும்

கூடங்குளத்துக்கு 1988-ல் ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்தே எதிர்ப்பு உண்டு. 2011-ல் புகுஷிமா விபத்தை டிவியில் பார்த்த பிறகு இடிந்தகரை மீனவ மக்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். புற்றுநோய் வருமோ என்ற பயம். அப்துல் கலாம் நேரில் வந்து பார்த்து, பாதுகாப்பானதுதான் என்றார். யாரை நம்புவது?

சிக்கல் செர்னோபில் கணக்கிலேயே இருக்கிறது. 1986 விபத்தில் கதிர்வீச்சு அதிகம் பட்டவர்களில் 4,000 பேர் வரை இறக்கலாம் என்று ஐ.நா. அமைப்புகள் 2005-ல் கூறின. அடுத்த ஆண்டே கிரீன்பீஸ் 93,000 என்றது. ஒரு தரப்பு பொய் சொன்னது என்று அர்த்தமில்லை. எந்த நாடுவரை எண்ணுவது, குறைந்த கதிர்வீச்சையும் கணக்கில் சேர்ப்பதா என்பதில்தான் தகராறு. கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததை மட்டும் இருவருமே மறுக்கவில்லை.

2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் அணு உலைக்கு அனுமதி தந்தது. அக்டோபரில் மின்சாரம் வந்தது.