பட்டுப் பெட்டியில் ஒரு கற்பூரம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கல்யாணப் பட்டு எடுத்து முடித்து, பணம் கட்டும் நேரம். கடைக்காரப் பெரியவர் புடவையை வெள்ளை மல் துணியில் சுற்றிக்கொண்டே என் அக்காவிடம் சொன்னார்: "பீரோவுல ரசகற்பூரம் மட்டும் போட்டுடாதீங்கம்மா, சரிகை கறுத்துடும். வேப்பிலையை நிழல்ல காயவெச்சுப் போடுங்க, இல்லன்னா வசம்பு வைங்க. மூணு மாசத்துக்கு ஒருதரம் எடுத்து மடிப்பை மாத்திடுங்க." அக்கா தலையாட்டினாள். என் மனசு அந்த ஒரு சொல்லில் நின்றுவிட்டது. ரசகற்பூரம் என்று நாம் சொல்லும் அந்த வெள்ளை உருண்டையில் கற்பூரம் பொட்டுக்கூடக் கிடையாது. பிறகு பேர் எப்படி ஒட்டிக்கொண்டது?

பட்டு என்பதே ஒரு பூச்சி நூற்றதுதான். அதைத் தின்னவும் பூச்சிகள் காத்திருக்கின்றன. காஞ்சியின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் விடியற்காலையில் நெசவாளர்கள் பாவு நீட்டி அரிசிக் கஞ்சி போடுவார்களே, அதுபோல் துணியில் தங்கும் மாவுச்சத்துக்கு, வெள்ளி நிறத்தில் வழுக்கிக்கொண்டு ஓடும் அந்தச் சின்னப் பூச்சி வரும். சில வண்டுகளின் புழுக்களோ பட்டிழையையே மேய்ந்துவிடும். இவற்றை விரட்ட மனிதர்கள் நம்பியது மணத்தை. அந்த மணங்களில் வெகுதூரம் பயணம் செய்த ஒன்று கற்பூரம்.

சுமத்ரா தீவின் வடமேற்குக் கரையில் பாரூஸ் என்று ஒரு சின்ன ஊர். அதன் பின்னால் இருக்கும் காட்டில் வானளாவிய மரங்கள். சில மரங்களின் நடுத்தண்டு வெடிப்புகளில் மட்டும் வெள்ளைப் படிகம் உறைந்திருக்கும். எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது, வெட்டிப் பிளந்தால்தான் தெரியும். மலாய்க் காடுகளில் அதைத் தேடிப் போனவர்கள் தங்களுக்குள் தனி மொழி ஒன்றைப் பேசிக்கொண்டார்கள். கற்பூரம் என்ற பேரை வாய்விட்டுச் சொன்னால் மரத்துக்குள் இருப்பது மறைந்துவிடும் என்று நம்பிக்கை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு இடத்தில் தேவைப்படும்.

அந்த பாரூஸுக்குப் பக்கத்தில் லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் உடைந்த கல் ஒன்று கிடைத்தது. கல்லில் இருந்தது தமிழ்! கி.பி. 1088-ஆம் ஆண்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டிவைத்த கல்வெட்டு அது. அங்கே வரும் கப்பல்காரர்கள் கொடுக்க வேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகிறது. இங்கே முதலாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த காலம். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னால், 1077-இல், சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போயிருந்தது. கொண்டுபோன காணிக்கையில் யானைத் தந்தத்தோடு கற்பூரமும் இருந்தது. பதிலுக்குக் கிடைத்தது 81,800 சரம் செப்புக்காசு. சோழ நாட்டில் விளையாத பண்டத்தைச் சோழ நாட்டார் கொண்டுபோய்க் கைமாற்றிய சாமர்த்தியத்தை நான் வியந்து வியந்து படித்தேன். இருநூறு ஆண்டு கழித்து மார்க்கோ போலோ, அந்தக் கரையின் கற்பூரம் எடைக்கு எடை தங்கத்துக்கு விற்கிறது என்று எழுதினார்.

தங்க விலைப் பொருளைத் தட்டில் வைத்துக் கொளுத்த யாருக்குக் கட்டுபடியாகும்? விலை கூடினால் மாற்றுச் சரக்கு வரும். சீனா, ஜப்பான், தைவான் காடுகளில் லவங்கப்பட்டைக்குச் சொந்தக்கார மரம் ஒன்று உண்டு. அதன் கட்டையைச் சீவி நீராவியில் வடித்தால் கற்பூரம் இறங்கும். வேதியியல் கணக்கில் பாரூஸ் சரக்கு வேறு, இது வேறு. மணத்தில் மட்டும் அண்ணன் தம்பி. மலிவாகவும் கிடைத்ததால் பேரை இதுவே எடுத்துக்கொண்டது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில், பில்லியர்ட்ஸ் மேஜையில். தந்தத்துக்கு மாற்றாகப் பந்து செய்பவருக்குப் பரிசு என்று அறிவிப்பு வர, ஜான் வெஸ்லி ஹயட் என்பவர் அதில் இறங்கினார். நைட்ரோ செல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்து அவர் உண்டாக்கியதுதான் செல்லுலாய்டு. 1870-இல் காப்புரிமை வாங்கினார். சீப்பு, பொம்மை, சட்டைக் காலர் என்று பரவி, பிறகு சினிமாவுக்குள் நுழைந்தது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் ஓடிய காலத்துப் பிலிமும் அந்த வகைதான். சாமிக்கு ஆரத்தியான அதே பொருள் டாக்கீஸிலும் ஓடியது!

உலகம் முழுக்கக் கற்பூரம் கேட்டது. 1895-இல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899-இல் அதைத் தன் ஏகபோகம் ஆக்கியது. விலை ஏறியது. உடனே ரசாயனக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். 1903-இல் பின்லாந்தின் குஸ்தாப் கொம்பா ஆய்வுக்கூடத்தில் கற்பூரத்தை உருவாக்கிக் காட்டினார். பிறகு பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலைகளில் செய்யத் தொடங்கினார்கள். இன்று கடையில் நாம் வாங்கும் ஆரத்திக் கற்பூரம் பெரும்பாலும் இந்தப் பைன் பிள்ளைதான்.

நம் பீரோ உருண்டை இந்தக் குடும்பத்திலேயே சேர்த்தி இல்லை. அது நிலக்கரித் தாரின் வாரிசு. ஊர் விளக்குக்காக நிலக்கரியிலிருந்து வாயு எடுத்தபோது கறுப்புத் தார் மிஞ்சியது. 1820 வாக்கில் அதற்குள்ளிருந்து வெள்ளைப் படிகத்தைப் பிரித்தார்கள், அதுதான் நாப்தலீன். கற்பூரம்போலவே உருகாமல் காற்றில் கரையும், மூக்கில் ஏறும், பூச்சியைக் கொல்லும். நம் ஆட்கள் அந்துருண்டை, பாச்சை உருண்டை என்று காரியத்தை வைத்தும் பேர் வைத்தார்கள், ரசகற்பூரம் என்று தோற்றத்தை வைத்தும் பேர் வைத்தார்கள். சித்த மருத்துவத்தில் ரசகற்பூரம் என்றால் பாதரசச் சரக்கு. அதன் பேரையும் இது வாங்கிக்கொண்டது.

இந்தப் பேர்க்குழப்பத்தைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. கற்பூரம்தானே என்று குழந்தை இருக்கும் வீட்டில் உருண்டையைப் போட்டு வைக்கிறோம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு நாப்தலீன் ஆவி பட்டாலே ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். உருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றியே பச்சிளம் குழந்தைகளுக்கு அப்படி நேர்ந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் அந்த உருண்டைகளைத் தடைசெய்துவிட்டது. அசல் கற்பூரமும் வாயில் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும்.

பெரியவர் சொன்ன வசம்பும் ஊர் சுற்றியதுதான். கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வியன்னாவுக்கு அதன் கிழங்கு வந்து, 1574-இல் தாவரவியலாளர் கார்லஸ் குளூசியஸ் அதை வளர்த்தார். ஐரோப்பாவில் பரவியது விதை கட்டாத மலட்டு வகை, துண்டு துண்டாகக் கிழங்கை நட்டே பெருக்கினார்கள். பூச்சிக்கு ஆகாத அசரோன் என்ற சத்து அதில் குறைவு, நம் ஊர் வசம்பு எண்ணெயிலோ மிக அதிகம். அந்தச் சத்து பூச்சிகளை மலடாக்குகிறது என்று 1977-இல் ஜம்மு ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். பெட்டிக்கு நல்ல காவல். ஆனால் பிள்ளை நாக்கில் உரசித் தடவுவதை இப்போது மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

அன்று மாலை அக்காவும் நானும் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி. விளக்கு வைக்கும் நேரம். பாட்டி வசம்பு என்று சொல்லவில்லை. "பேர் சொல்லாதது இருந்தா அஞ்சு ரூபாய்க்குக் குடுப்பா" என்றாள். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து, கணுக்கணுவாக வரியோடிய இரண்டு துண்டை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அக்கா அவரைப் பார்த்து, "எங்களுக்கும் அதுவே" என்றாள்.