மதுரைப் பிற்கால உரோமச் செப்புக்காசுகள்

வைகை மணலிலும் மதுரைச் சுற்றுவட்டாரத்திலும் கிடைத்த, கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் உரோமச் சிறுகாசுகள். பல, ஒன்றிரண்டு கிராம் எடைதான். கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. முதலாம் தியோடோசியசும் அவர் மகன்கள் அர்க்காடியசும் ஒனோரியசும் வெளியிட்டவை இவற்றுள் உண்டு. வைகை கடல் சேரும் அழகன்குளத்து அகழாய்விலும் இக்காலக் காசுகள் வெளிப்பட்டன. 1904இல் இந்தியாவின் உரோமக் காசுகளைப் பட்டியலிட்ட இராபர்ட் சீவெல், மதுரையில் உரோமர் குடியிருந்திருக்கலாம் எனக் கருதினார். நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி கரூர், மதுரைக் காசுகளுக்கென 1994இல் தனி நூலே வெளியிட்டார். தேய்மானத்தைப் பார்த்தால், இவை உள்ளூர்ச் சில்லறையாகவும் புழங்கின என்பதே பொருத்தமாகப் படுகிறது.

இக்காசுகளின் அரசர்கள் மூவரும் செருமானிய இனத்தவரான கோத்தியரோடு செய்த உடன்படிக்கையால் வாழ்ந்தவர்கள், அதன் முறிவால் தடுமாறியவர்கள். 378இல் அட்ரியனோப்பிள் போரில் கோத்தியர் பேரரசர் வாலென்சைக் கொன்றனர். வெல்ல முடியாதவர்களோடு தியோடோசியஸ் 382இல் உடன்பட்டார்: தன்யூபுக்குத் தெற்கே நிலம் கிடைக்கும், பதிலுக்குப் படைப்பணி. 394இல் ஃபிரிகிடஸ் ஆற்றங்கரையில் அவருக்கு வெற்றி தேடித் தந்ததில் கோத்தியர் சிந்திய இரத்தம் பெரிது. அக்காலச் சிறுகாசு வகை ஒன்றில் வெற்றித் தேவதை ஒரு கைதியை இழுத்துச் செல்கிறாள். அந்த வெற்றிக்குப் போரிட்டவர்களில் அயலாரே பலர் என்பதைக் காசு சொல்வதில்லை.

தியோடோசியஸ் 395இல் இறந்தபின் பேரரசு இரு மகன்களிடையே பிரிந்தது. மேற்கைக் காத்த தளபதி ஸ்டிலிக்கோ 408இல் ஒனோரியசின் ஆட்சியில் கொல்லப்பட்டார். கோத்தியத் தலைவர் அலாரிக் உரோமை முற்றுகையிட்டு, பொன், வெள்ளி, பட்டோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டு வாங்கினார். ஏறத்தாழ ஒரு டன்! மிளகின் தாயகம் நம் மேற்குக் கரை. அங்கே நெல்கிண்டா துறை பாண்டியர் ஆட்சியில் இருந்ததாக 1ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான 'பெரிப்புளூஸ்' கூறுகிறது.

மாற்று வரலாறு புனைவோர் நின்று பார்க்கும் திருப்பம் 409. அலாரிக் கோரிக்கையைக் குறைத்து, நோரிக்கம் மாகாணத்தையும் ஆண்டுதோறும் தானியத்தையும் மட்டும் கேட்டு, கூட்டுப்படையாக இருக்க முன்வந்தார். ஒனோரியஸ் மறுத்தார். 410 ஆகஸ்டில் உரோம் சூறையாடப்பட்டது. உரோம-கோத்தியக் கூட்டு நிலைத்திருக்க இன்னொரு வாய்ப்பும் வந்தது: 414இல் அலாரிக்கின் வாரிசு அத்தால்ஃப், ஒனோரியசின் தங்கை கல்லா பிளாசிடியாவை மணந்தார். பிறந்த மகனுக்குப் பாட்டனார் தியோடோசியசின் பெயரையே வைத்தனர், குழந்தை தங்கவில்லை. 451இல் ஹூணர் அரசர் அத்திலாவுக்கு எதிராக உரோமத் தளபதி ஏட்டியசும் கோத்திய அரசர் தியோடோரிக்கும் ஒரே களத்தில் நின்றதைப் பார்க்கையில், 409இல் இழந்தது கனவல்ல, கைக்கெட்டியது என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் கூட்டு நிலைத்திருந்தால் மதுரைச் சந்தை மாறியிருக்குமா? பெரிதாக மாறியிராது. இங்கு வந்த வணிகம் உரோம் நகரைவிட அலெக்சாந்திரியாவையும் செங்கடலையுமே சார்ந்திருந்தது. அவை கிழக்குப் பேரரசின் கையில் பத்திரமாக இருந்தன. மேற்குப் பேரரசு 476இல் முடிந்தபின்னும், 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ் மிளகுத் துறைகளைப் பற்றியும் இலங்கைச் சந்தையைப் பற்றியும் எழுதினார். இலங்கையிலோ உரோமச் செப்புக்காசுகள் போதாமல், அவற்றைப் போலவே உள்ளூரிலும் அடித்துப் புழங்கினர்.